டீச்சர் காதில் விழுந்தது

பாட்டு வகுப்பை இந்த மாதத்தோடு நிறுத்திவிடப் போவதாக டீச்சர் சொன்னபோது அவர் கணவர் காயில்காரர் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். கண்ணில் தண்ணீர் வந்ததற்கு வேறு காரணம் சொல்ல வேண்டிய அவசியம் ஏற்படவில்லை.

“கேட்டுச்சா?” என்றார் டீச்சர்.

“கேட்டுச்சு.”

“படிக்க வர்றவங்ககிட்ட ஒவ்வொருத்தரா சொல்லிடறேன். நல்லா இருக்கும்போதே நிறுத்திட்டாங்கன்னு நாலு பேரு சொல்லட்டும். காது போனப்புறமும் நாற்காலியை விடலைன்னு சொல்ல வேண்டாம்.”

காயில்காரர் அடுத்த வெங்காயத்தை எடுத்தார். காது போவதைப் பற்றிப் பேச அந்த வீட்டில் உரிமை உள்ளவர் அவர்தான். டிரான்ஸ்பார்மர் தொழிற்சாலையில் செம்புக் கம்பியைச் சுற்றிக் காயில் கட்டுவது அவருடைய வேலை. தகடு வெட்டும் பிரஸ் பக்கத்திலேயே இருந்தது. அது ஒரு தட்டு தட்டினால் தகடு துண்டாகும். கூடவே காயில்காரரின் காதிலும் கொஞ்சம் கழன்று விழும். வேலையை விட்டு வரும்போது தொழிற்சாலையில் வைத்த பட்டப்பெயரும், இரண்டு காதுக்கும் இரண்டு மெஷினும் கூடவே வந்தன. பெயரை மனைவியும் மகளும் சேர்த்து வீட்டில் நிலைநாட்டிவிட்டார்கள்.

டீச்சர் காது வேறு சாதி. தெருவில் எவனாவது ஹாரன் அடித்தால்கூட அது என்ன சுரம் என்று சொல்லிவிடுவார். குக்கர் விசில் அரைச் சுரம் இறங்கிவிட்டது, ரப்பரை மாற்றுங்கள் என்று ஒருமுறை சொன்னார். மாற்றியது நல்லதாகப் போயிற்று. அப்படிப்பட்டவருக்கு அரை வருஷமாக ஒரு ரீங்காரம் கேட்டுக்கொண்டிருந்தது. வகுப்பு நடக்கும் முன்னறையிலும் கேட்டது, படுக்கையறையிலும் கேட்டது. எங்கிருந்து வருகிறது என்று தெரியவில்லை. எந்தப் பக்கம் திரும்பினாலும் தலைக்குள்ளிருந்து வருவது போலவே இருந்தது. இரண்டு சுரங்களுக்கு நடுவே, வாசற்படியில் நின்றுகொண்டு உள்ளேயும் வராமல் வெளியேயும் போகாமல் வம்பளக்கிற விருந்தாளி மாதிரி அது நின்றது. கீபோர்டில் சுருதியை வைத்துவிட்டுப் பாடச் சொன்னால், கீபோர்டு தப்பா, பாடுகிறவர் தப்பா, தன் காது தப்பா என்று டீச்சருக்குப் பிடிபடவில்லை. காதைத்தான் சந்தேகப்பட்டார். அதனால் யாரையும் திருத்துவதை விட்டுவிட்டார். யார் எப்படிப் பாடினாலும் “நல்லாருக்கு” என்றார். அந்த ஒரு சொல்லைச் சொல்லச் சொல்ல அவர் முகம் சின்னதாகிக்கொண்டே வந்ததைக் காயில்காரர் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்.

காது டாக்டர் நல்ல மனிதர். எல்லாச் சோதனையும் செய்தார். வயதுக்கு ஏற்ற காதுதான், சில பேருக்குக் காதே ஒரு சத்தத்தை உண்டாக்கிக்கொள்ளும், அதைக் கண்டுகொள்ளாமல் இருக்கப் பழக வேண்டும் என்றார். வெளியே போனால் கேட்கவில்லையே என்று டீச்சர் கேட்டதற்கு, தெருச் சத்தம் அதை மூடிவிடும் என்றார். அதுவும் நியாயமாகத்தான் பட்டது. மின்சாரம் போகும்போது நிற்கிறதா என்று பார்க்கலாமென்றால், அந்த ஊரில் மின்சாரம் ஏறும், இறங்கும், போகவே போகாது.

காயில்காரரும் தன் பங்குக்குச் சாட்சி சொன்னார். “எனக்கு ஒண்ணும் கேக்கலையே.”

“அப்பா, உங்களுக்குக் காலிங் பெல்லே கேக்காது,” என்றாள் மகள் போனில். “நீங்க கொஞ்சம் சும்மா இருங்க.”

மகள் சொன்னது சரி. அதிலும் காதுமெஷின் இருக்கிறதே, அது ஒரே சீராக வரும் இரைச்சலைத் தேவையில்லாத சத்தம் என்று தானாகவே வடிகட்டிவிடும். பேச்சை மட்டும் உள்ளே விடும். ஆகவே வீட்டில் என்ன ரீங்காரம் இருந்தாலும் அதைக் கடைசியாகத் தெரிந்துகொள்ளக்கூடியவர் அவர்தான். அது தெரிந்தும் சாட்சி சொன்னார் பாருங்கள், அதுதான் ஆண்பிள்ளை.

இப்போது அவருடைய கம்ப்யூட்டரைப் பற்றிச் சொல்ல வேண்டும். மகள் புதிதாக ஒன்று வாங்கியபோது பழையது அப்பாவுக்கு வந்தது. பேத்தியின் முகத்தைப் பார்த்துப் பேசட்டும் என்று கொடுத்தாள். கொஞ்ச நாள் அதில் சீட்டு விளையாடினார். பிறகு ஒருநாள், பணம் வாங்காமல் சும்மா கொடுக்கும் மென்பொருள்கள் இருக்கின்றன என்பது தெரிந்தது. அதோடு சீட்டு முடிந்தது. கடிதம் அடிக்க ஒன்று, போட்டோக்களை ஒட்ட ஒன்று, வீடு எப்படி இருக்கும் என்று வரைந்து பார்க்க ஒன்று, வானத்து நட்சத்திரங்களைத் திரையில் காட்ட ஒன்று என்று இறக்கிக்கொண்டே போனார். இனி அப்பா இறக்காதது மழை ஒன்றுதான் என்றாள் மகள்.

ஆரம்பத்தில் அடிபடாமல் இல்லை. ஏதோ ஒரு பக்கத்தில் பெரிய பச்சைப் பட்டன் மின்னியது. ஆசையாக அழுத்தினார். கம்ப்யூட்டர் முழுக்க விளம்பரம் ஈ மொய்த்த மாதிரி மொய்த்தது. அதைத் துடைக்க மகள் போனில் வழி சொல்லி முடிப்பதற்குள் இருவருக்கும் சண்டையே வந்துவிட்டது. அன்றிலிருந்து அவருக்கு ஒரு கொள்கை: செய்தவர்களின் சொந்த வீட்டு வாசலில் போய்த்தான் வாங்க வேண்டும், பச்சைப் பட்டன் எவ்வளவு சிரித்தாலும் திரும்பிப் பார்க்கக் கூடாது.

எதை இறக்கினாலும் அவர் முதலில் செய்கிற காரியம் ஒன்று உண்டு. உதவி என்கிற பட்டியலில் கடைசிக்குப் போய், அதைச் செய்தவர்களின் பெயர்களை ஒவ்வொன்றாக வாய்விட்டுப் படிப்பார். பாதிப் பெயர்களை எப்படி உச்சரிப்பது என்றே தெரியாது. தொழிற்சாலையில் அவர் கட்டிய டிரான்ஸ்பார்மர் ஒன்றிலாவது அவர் பெயர் இருந்ததில்லை. கம்பெனியின் தகடுதான் இருக்கும். இங்கேயோ எங்கெங்கோ இருக்கிறவர்கள், ஒருவரை ஒருவர் பார்த்திருக்கக்கூட மாட்டார்கள், சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்து ஆளுக்கு ஒரு துண்டாகச் செய்து, எடுத்துக்கோ என்று உலகத்துக்கே கொடுத்திருக்கிறார்கள். “எவ்வளவு பெரிய மனசு பாரு,” என்பார். “ஓசியில வருதுன்னா விவகாரம் இருக்கும்,” என்பார் டீச்சர். “எல்லாரையும் நம்ம கம்பெனி மேனேஜர் மாதிரியே நெனைக்காதே,” என்பார் இவர்.

அப்படி வந்ததில் ஒன்றுதான் சத்தத்தை வெட்டி ஒட்டுகிற மென்பொருள். வகுப்பில் பதிவு செய்கிற பாட்டுகளில் இருமலையும் நாற்காலி நகர்வதையும் வெட்டியெடுக்க டீச்சருக்காகத்தான் அதை இறக்கினார். ஒருநாள் அதில் எதையோ தட்டப் போய், அலை அலையாகத் தெரிந்துகொண்டிருந்த படம் மாறியது. சத்தம் எவ்வளவு பெரிது என்பதற்குப் பதிலாக, அதில் என்னென்ன சுரங்கள் இருக்கின்றன என்று காட்டும் படம் வந்தது. கனத்த சத்தம் அடியில், கீச்சென்ற சத்தம் உச்சியில். உள்ளே இருப்பதெல்லாம் தனித்தனிக் கோடாகத் தெரிந்தது.

அடுப்பில் கெட்டில் கொதித்தபோது திரையின் உச்சியில் வெள்ளி இழை மாதிரி ஒரு கோடு ஓடியது. கெட்டில் விசில் அடிக்கும் என்பதே அவருக்கு மறந்து போயிருந்தது. ஜன்னலில் குருவி வந்து உட்கார்ந்தது. அலகு திறந்து மூடியது. திரையில் குட்டிக் குட்டிக் கொக்கிகள் விழுந்தன. ஓகோ, இதுதான் நீ பேசுவதா என்று குருவியைப் பார்த்துச் சொன்னார்.

அப்புறம் டீச்சரின் வகுப்பு தொடங்கியது. மைக்கை அந்தப் பக்கம் திருப்பி வைத்துவிட்டுத் திரையைப் பார்த்தார். அடியில் ஒரு கோடு, அதன் மேல் இன்னொன்று, அதன் மேல் இன்னொன்று என்று விசிறியாக விரிந்து, எல்லாம் ஒன்றாகவே வளைந்து, ஒன்றாகவே நடுங்கி, ஒன்றாகவே நின்றன. மேல் சுரங்கள் அவர் காதுக்கு வந்து பல வருஷம் ஆகியிருந்தது. மெஷின் வழியாக வந்ததெல்லாம் தகர டப்பாவுக்குள் யாரோ பாடுகிற மாதிரிதான் இருக்கும். மனைவி நன்றாகப் பாடுவார் என்பதை ஊர் சொல்லித்தான் நம்பிக்கொண்டிருந்தார். இப்போது கண்ணால் பார்த்தார். வகுப்பு முடியும் வரை நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. பிறகு மகளைக் கூப்பிட்டு, “உங்கம்மா குரலைப் பாத்தேன்,” என்றார். அதற்கு மேல் பேச முடியாமல் போனை வைத்துவிட்டார். கம்ப்யூட்டர் கெட்டுவிட்டதோ என்று மகள் திரும்பக் கூப்பிட்டாள்.

வெங்காயம் உரித்து முடித்த அன்று இதெல்லாம் அவர் மனதில் ஓடியது. எனக்குக் கேட்காத குருவியை இது காட்டியது. எனக்குக் கேட்காத ரீங்காரத்தையும் காட்டாதா?

மறுநாள் மத்தியானம் டீச்சரை முன்னறையில் உட்கார வைத்தார். மின்விசிறியை நிறுத்தினார். ஃபிரிட்ஜின் பிளக்கைப் பிடுங்கினார். ஜன்னல்களைச் சாத்தினார். காதுமெஷினைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார், அது கீச்சிட்டுத் தொலைக்கக் கூடாதே என்று.

“இப்ப கேக்குதா?” என்று கத்தினார், தன் குரல் தனக்கே கேட்காததால்.

டீச்சர் தலையாட்டினார். திரையைப் பார்க்க மட்டும் வரமாட்டேன் என்று எதிர்ப்பக்கம் உட்கார்ந்திருந்தார். படத்தில் ஒன்றும் இல்லை என்று தெரிந்துவிட்டால் என்ன செய்வது என்ற பயம் அது. காயில்காரருக்கும் அந்தப் பயம் இருந்தது.

பதிவு ஓடியது. திரையில் முதலில் வெறும் இருட்டு. பிறகு அடியில், ஸ்கேல் வைத்து இழுத்த மாதிரி, அசையாமல் ஒரு கோடு. அதன் மேல் மெல்லியதாக இன்னொன்று. அதற்கும் மேல் ஒன்று.

அவருக்கு மயிர்க்கூச்செறிந்தது. ஆனாலும் தொழில் தெரிந்தவர். உடனே துள்ளிக் குதிக்கவில்லை. கம்ப்யூட்டரே தன் கம்பியில் ஓடும் கரண்ட்டைச் சத்தம் என்று பதிந்துகொள்வது உண்டு. மைக்கை எடுத்துத் தலையணைக்குள் செருகி, அதன் மேல் போர்வையைச் சுற்றி, இன்னொரு பதிவு எடுத்தார். கோடுகள் மறைந்தன. அப்படியென்றால் அது கம்பியில் இல்லை. காற்றில் இருக்கிறது. இந்த அறைக்குள் இருக்கிறது.

மெஷினைக் காதில் மாட்டிக்கொண்டு, “அந்தச் சத்தத்தைக் கொஞ்சம் பாடிக் காட்டு,” என்றார்.

“என்னங்க விளையாட்டு இது?”

“பாடேன்.”

“அவ்வளவு கீழே எனக்கு வராது. ஒரு ஸ்தாயி மேலே பாடறேன்.” டீச்சர் கண்ணை மூடி, தலையைக் கொஞ்சம் சாய்த்துக் கேட்டார். பிறகு வாய் திறக்காமல் ஒரு சுரத்தைப் பிடித்தார். திரையில் அந்தக் குரல் எங்கிருந்தோ சறுக்கிக்கொண்டு வந்து, இரண்டாவது கோட்டின் மேல் போய் உட்கார்ந்தது. மேலே ஒரு மயிரிழை இல்லை, கீழே ஒரு மயிரிழை இல்லை. ஒரு ஸ்தாயி மேலே என்று சொன்னார். ஒரு ஸ்தாயி மேலேயே இருந்தது.

இந்தக் காதா போய்விட்டது? அவருக்கு எழுந்து போய் அந்தக் காதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ள வேண்டும் போலிருந்தது. எவ்வளவு இரைச்சலுக்கு நடுவில், எவ்வளவு பேர் இல்லை இல்லை என்று சாதித்தபோது, அது தன்பாட்டுக்குச் சரியாகவே கேட்டுக்கொண்டிருந்திருக்கிறது. எழுந்திருக்கும் முன், வழக்கம்போல எல்லாவற்றையும் ஒருமுறை சரிபார்த்துவிடலாம் என்று அம்புக்குறியை அடிக்கோட்டின் மேல் கொண்டுபோய் வைத்தார். எண் வந்தது. நொடிக்கு நூறு அதிர்வு.

எழப் போனவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

பாம்பின் கால் பாம்பறியும். வேறு யார் பார்த்திருந்தாலும் அது ஒரு எண். காயில்காரருக்கு அது நாற்பது வருஷம் கூடவே வேலை பார்த்த ஆள். கரண்ட் நொடிக்கு ஐம்பது தடவை போய்வரும். போகும்போது ஒன்று, வரும்போது ஒன்று என்று டிரான்ஸ்பார்மரின் தகடுகள் துடிக்கும். ஆக நூறு. இந்த வீட்டில் டிரான்ஸ்பார்மர் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அதை வெளியிலிருந்து யாரும் கொண்டுவந்து வைக்கவில்லை.

“என்ன தெரியுது?” என்றார் டீச்சர் எதிர்ப்பக்கத்திலிருந்து. குரல் சாதாரணமாக இருந்தது. மடியில் விரல்கள்தான் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டிருந்தன.

சொல்லியிருக்க வேண்டும். நல்ல செய்தி நுனிநாக்கு வரை வந்துவிட்டது. ஆனால் அதன் வாலில் இன்னொரு செய்தி கட்டியிருந்தது. “இன்னும் கொஞ்சம் பாக்கணும்,” என்றார்.

“விடுங்க. டாக்டர் சொன்னதுதான்,” என்று டீச்சர் எழுந்து போய் ஃபிரிட்ஜின் பிளக்கை மாட்டினார்.

டீச்சர் காய்கறி வாங்கப் போனதும் காயில்காரர் முன்னறைச் சுவர் அலமாரியைத் திறந்தார். உள்ளே இருந்தது அவர் கையாலேயே கட்டிய ஸ்டெபிலைசர். மின்சாரம் ஏறி இறங்கி டீச்சரின் கீபோர்டு கெட்டுப்போகக் கூடாது என்று ஆசை ஆசையாகச் செய்தது. வெகுநாள் தரையில், ரப்பர் கட்டைகளின் மேல் சமர்த்தாக உட்கார்ந்திருந்தது. அரை வருஷத்துக்கு முன் வகுப்பில் புதிதாக இரண்டு பேர் சேர்ந்தார்கள். இரண்டு நாற்காலிக்கு இடம் வேண்டும். டீச்சருக்கு உதவி செய்கிறேன் என்று இவர்தான் அதைத் தூக்கி அலமாரியின் பின்பலகையில் வைத்துத் திருகினார். திருகு கெட்டியாகப் பிடிக்க ரப்பர் இடைஞ்சலாக இருந்தது. அதைப் பிடுங்கி எறிந்தார். அந்தப் பலகைக்கு அந்தப் பக்கம் படுக்கையறை.

உள்ளங்கையைப் பலகையின் மேல் வைத்தார். காதுக்கு வராதது கைக்கு வந்தது. மெல்லியதாக, நிற்காமல், பலகை முழுவதும் துடித்துக்கொண்டிருந்தது. வீணைக்குக் குடம் வைத்த மாதிரி ரீங்காரத்துக்கு ஒரு அலமாரியே வைத்துக் கொடுத்திருக்கிறார்.

ஊருக்கெல்லாம் சகுனம் சொல்லுமாம் பல்லி, கழுநீர்ப் பானையில் விழுமாம் துள்ளி. தொழிற்சாலையில் காயில்காரர் கட்டினால் சத்தம் போடாது என்று பேர். சோதிக்க வருகிறவர்கள் காதை வைத்துப் பார்த்துவிட்டு, கரண்ட் வருகிறதா இல்லையா என்று கேட்பார்கள். அந்தப் பேரை வைத்துக்கொண்டு பெண்டாட்டியின் காதைக் கெடுத்தாயிற்று. கெடுத்தது மட்டுமா, எனக்குக் கேட்கவில்லையே என்று சாட்சியும் சொல்லியாயிற்று. நினைக்க நினைக்க அவருக்கு அவமானம் தாங்கவில்லை.

ஸ்பேனர் பக்கத்து டிராயரில்தான் இருந்தது. கழற்றித் தரையில் வைத்து, தகடுகளை இறுக்கி, அடியில் ரப்பர் கொடுத்தால் காதும் காதும் வைத்த மாதிரி காரியம் முடிந்துவிடும். டீச்சர் பையோடு திரும்பி வரும்போது வீடு அமைதியாக இருக்கும். யாருக்கும் எதுவும் தெரியப் போவதில்லை. ஸ்பேனரை எடுத்தார். முதல் திருகில் வைத்தார்.

வைத்த பிறகு யோசனை வந்தது. அமைதியான வீட்டுக்குள் டீச்சர் வருகிறார். சத்தம் இல்லை. அவர் என்ன நினைப்பார்? காதில் இருந்த கோளாறு போய்விட்டது என்று நினைப்பார். இன்றைக்குப் போனது நாளைக்குத் திரும்பி வராது என்று என்ன நிச்சயம்? சாகும் வரை ஒவ்வொரு சுரத்தையும் பயந்து பயந்துதான் கேட்பார். சத்தத்தை நிறுத்தினால் மட்டும் போதாது. காது கெடவே இல்லை என்பது அவருக்குத் தெரிய வேண்டும். அது தெரிய வேண்டுமென்றால் சத்தம் எங்கே இருந்தது என்று சொல்லித்தான் ஆக வேண்டும். ஸ்பேனரை டிராயரில் திரும்பப் போட்டார்.

அன்று சொல்லிவிடலாம் என்றுதான் இருந்தார். சாப்பிடும்போது வாயைத் திறந்தார். உப்பு குறைவாக இருக்கிறது என்று வேறு ஏதோ வந்தது. உண்மையைச் சொல்லத் துணிவதற்கும் சொல்வதற்கும் நடுவே ஆண்பிள்ளைகளுக்கு ஒரு பகல் ஒரு இரவு தேவைப்படுகிறது.

மறுநாள் பல் டாக்டர் பாட வந்தார். வகுப்பில் இருப்பவர்களிலேயே ஆர்வம் அதிகம் உள்ளவர் இந்த அம்மாள். கிளினிக்கிலிருந்து நேரே, கையில் கிராம்பு வாசனையோடு வந்துவிடுவார். சமீபத்தில் தான் நன்றாகத் தேறிவிட்டதாக எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். அவரிடம்தான் முதலில் சொல்வது என்று டீச்சர் முடிவு செய்திருந்தார். “உங்ககிட்ட ஒரு விஷயம் சொல்லணும்,” என்று ஆரம்பித்தும் விட்டார்.

அப்போது முன்னறைக் கதவு வழியாக ஒரு சக்கர நாற்காலி உள்ளே வந்தது. அலுவலகங்களில் உட்காருவார்களே, அந்த மாதிரி. அதில் காயில்காரரின் கம்ப்யூட்டர் ராஜா மாதிரி உட்கார்ந்திருந்தது. பின்னாலேயே ஒயர்களைத் தோளில் சுற்றிக்கொண்டு காயில்காரர் தள்ளிக்கொண்டு வந்தார்.

“சார், என்ன ஊர்வலமா?” என்றார் பல் டாக்டர்.

“ஒரு நிமிஷம்மா. சத்தம் போடாம இருங்க.” மைக்கைப் பொருத்தினார். திரையை டீச்சர் பக்கம் திருப்பினார். “இதைப் பாரு. பாத்துதான் ஆகணும்.”

டீச்சர் பார்த்தார்.

“கீழே ஓடுதே மூணு கோடு. உனக்குக் கேக்கற சத்தம் இதுதான்.” அவர் முந்தைய நாள் பதிவைப் பக்கத்தில் திறந்தார். “இது நேத்து நீ பாடிக் காட்டினது. எங்கே போய் உக்காந்திருக்கு பாரு. அளந்து வச்சாக்கூட இப்படி வராது.”

டீச்சர் மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு குனிந்தார். ஒரு விரலால் அந்தக் கோட்டைத் திரையின் மேலேயே தடவிக்கொண்டு போனார். “இது எனக்குள்ளே இல்லையா?”

“இல்லை. இந்த வீட்டுக்குள்ளே.”

“எங்கே?”

“என் ஸ்டெபிலைசர்,” என்றார் காயில்காரர். “நான் கட்டினது. நாற்காலிக்கு இடம் வேணும்னு நான்தான் பலகையில ஏத்தித் திருகினேன். நீ சொன்னது அன்னிலேருந்து சரி. நான் சொன்னதுதான் தப்பு.”

சொல்லிவிட்டு அலமாரியைத் திறந்து சுவிட்சை அணைத்தார்.

ஓடிக்கொண்டிருந்த படத்தில் மூன்று கோடுகளும் கத்தரித்த மாதிரி நின்றன. அதற்குப் பிறகு வெறும் இருட்டுத்தான் ஓடியது. ஆனால் டீச்சர் திரையைப் பார்க்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு நின்றார். தோள் இரண்டும் இறங்கின. அரை வருஷமாகத் தலையில் வைத்திருந்த சுமையை யாரோ எடுத்துக் கீழே வைத்தது போல மூச்சு வெளியே வந்தது. மூடிய கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. அதைத் துடைத்துக்கொள்ளக்கூட அவருக்குத் தோன்றவில்லை.

“நேத்தே தெரியுமா உங்களுக்கு?” என்றார் கண்ணைத் திறக்காமலே.

“தெரியும்.”

“நேத்து பூரா என்னை அப்படியே விட்டுட்டீங்க.”

“விட்டுட்டேன்.”

“பேசாம இறுக்கிட்டுப் போயிருக்கலாமே. எனக்குத் தெரியவே தெரிஞ்சிருக்காது.”

“ஸ்பேனர்கூட எடுத்தேன்,” என்றார் காயில்காரர். “ஆனா அப்புறம் நீ உன் காதை நம்ப மாட்டே. தானா வந்துது, தானா போச்சுன்னு நெனப்பே. என் பேரு கெட்டாப் பரவாயில்லை.”

டீச்சர் கண்ணைத் திறந்து அவரை ஒரு பார்வை பார்த்தார். அதில் கோபம் இருந்தது. சரியான கோபம்தான், அவருக்குச் சேர வேண்டியதுதான். அது இருந்த அதே இடத்தில் வேறொன்றும் இருந்தது. காயில்காரர் தலையைக் குனிந்துகொண்டார்.

“டீச்சர்,” என்றார் பல் டாக்டர் தயங்கிக்கொண்டே. “எனக்கும் ஏதோ கொய்ங்னு கேக்கும். ஃபிரிட்ஜ்னு நெனச்சேன்.”

“ஏன் சொல்லலை?”

“நீங்க கேக்கலையே.”

அது உண்மை. ஊரையெல்லாம் கேட்டிருக்கலாம். காது கெட்டுவிட்டது என்று படிக்க வருகிறவர்களுக்குத் தெரிந்துவிடுமே என்று ஒருவரிடமும் கேட்கவில்லை. டீச்சர் முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டு தன் நாற்காலியில் உட்கார்ந்தார்.

“என்னமோ சொல்லணும்னீங்களே?”

“ஒண்ணுமில்லை. பாடுங்க.”

ஸ்டெபிலைசரோடு கீபோர்டும் அணைந்து கிடந்தது. டீச்சரே சுருதி கொடுத்தார். அமைதியான அறையில் அந்தக் குரல் யாரோடும் மோதாமல் போய் நின்றது. திரையில் விசிறி விரிந்தது. காயில்காரர் வாசற்படியில் ஒயரைக் கையில் பிடித்தபடியே நின்று பார்த்தார். தன் வாழ்க்கையில் கையால் தொட்ட எத்தனையோ மெஷின்களில் இது ஒன்றுக்குத்தான் அவருக்குக் கும்பிடு போடத் தோன்றியது. இதை எழுதி, எடுத்துக்கோ என்று விட்டுப்போனவர்களில் ஒருவராவது இந்த அறையில் வந்து நின்று பார்க்க முடியாதே என்று வருத்தமாகவும் இருந்தது.

பல் டாக்டர் தொண்டையைச் செருமிக்கொண்டு, முகமெல்லாம் சந்தோஷமாக ஆரம்பித்தார். முதல் வரி போயிற்று. இரண்டாவது வரியில் பாதிகூடப் போயிருக்காது, டீச்சரின் கை உயர்ந்தது.

“நிறுத்துங்க. இறங்குது.”

பல் டாக்டர் திகைத்துப் போனார். “இத்தனை நாளா நல்லாருக்கு, நல்லாருக்குன்னு சொன்னீங்களே டீச்சர்?”

“பொய் சொன்னேன்,” என்றார் டீச்சர். “முதல்லேருந்து பாடுங்க.”